ஸ்டாப்-என்சிஐஐ: படத்தை வாங்காமலே படத்தைத் தடுக்கும் ஒரு சேவை

பினாங்கு லிட்டல் இந்தியாவில் எங்கள் ஸ்டூடியோவை அப்பா 1979ல் ஆரம்பித்தார். இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட் படத்தைக் குடிநுழைவு அலுவலகத்திலேயே எடுத்துவிடுவதால் அந்த வரும்படி போய் ரொம்ப நாளாகிறது. கல்யாணம், காதுகுத்து, பட்டமளிப்பு, வேலைக்கு மனுப் போடும் படம், செல்லரித்த பழைய படத்தைப் புதுப்பிப்பது, இவைதான் கடையை ஓட்டுகின்றன. காமிரா, லென்ஸ், பிரிண்டர் பற்றி இங்கே அவ்வப்போது எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதப்போவது காசே வாங்காத ஒரு சேவையைப் பற்றி. இது யாருக்கும் தேவைப்படக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஆனால் தேவைப்படும் நாளில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சேவையின் பெயர் ஸ்டாப்-என்சிஐஐ. தேடும்போது எஸ் டி ஓ பி, அதை ஒட்டியே என் சி ஐ ஐ, புள்ளி, ஓஆர்ஜி என்று அடிக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் யாராவது இணையத்தில் போட்டாலோ, போட்டுவிடுவேன் என்று மிரட்டினாலோ, அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவுவதுதான் இதன் வேலை. இங்கிலாந்தில் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன் என்ற உதவி மையம் இதை 2021 டிசம்பரில் தொடங்கி நடத்தி வருகிறது. எஸ்டபிள்யூஜிஎஃப்எல் என்ற அறநிறுவனத்தின் கீழ் இயங்கும் மையம் அது. மலேசியாவில் இருந்துகொண்டும் பயன்படுத்தலாம்.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு பெண்ணால். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவளுக்கு அனுப்பினேன், மூன்று இடங்களில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். அவள் வேலையோ ஊரோ இதில் இருக்காது.

போன வருடம் தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம், கடை மூடும் நேரத்தில் வந்தாள். அவள் அக்காவின் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன், அதனால் பழக்கம். “அக்கா, ஒரு படத்தை இன்டர்நெட்ல இருந்து எடுக்க முடியுமா?” என்று கேட்டாள். ஃபேஸ்புக்கில் யாரோ டேக் செய்த படம் போல என்று நினைத்து, “என்ன படம்மா, காட்டு” என்று கையை நீட்டினேன். அவள் கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்காரச் சொன்னேன்.

வயது 24. இரண்டு வருடக் காதல், ஆகஸ்டில் முறிந்துவிட்டது. நம்பி அனுப்பிய படங்கள் அவனிடம் இருந்தன. முதலில் ‘திரும்பி வா’ என்று கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான், அப்புறம் போட்டுவிட்டான். ஒரு சமூக ஊடகத்தில் அவள் பெயரிலேயே போலிக் கணக்கு. ஒரு செய்திச் செயலியில் முகம் தெரியாத ஆட்கள் கூடும் குழு. அதோடு ஒரு வெளிநாட்டு ஆபாசத் தளம். கூட வேலை செய்யும் பெண் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அவள் சம்மதம் கொடுத்தது ஒருவனுக்கு, அதுவும் பார்ப்பதற்கு மட்டும்.

என்னிடம் வருவதற்கு முன்பே ஒருவன் அவளைப் பிடித்திருந்தான். ‘24 மணி நேரத்தில் எல்லாத் தளங்களிலிருந்தும் அழித்துத் தருகிறோம், 1,800 வெள்ளி (ரிங்கிட்), முதலில் படங்களை அனுப்புங்கள், அதை வைத்துத் தேடுவோம்’ என்று வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறான். அவள் பணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். படத்தைக் கேட்கும் எவனிடமும் கொடுக்காதே என்று மட்டும் அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். இரவெல்லாம் உட்கார்ந்து தேடியதில் ஸ்டாப்-என்சிஐஐ கிடைத்தது. அது படத்தைக் கேட்கவில்லை. என் நம்பிக்கை அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் மதியம் அவள் அம்மாவோடு வந்தாள். இந்தச் சேவையில், படத்தில் இருப்பவர்தான் புகார் பதிய வேண்டும். தங்கைக்காக, தோழிக்காக நாம் பதிய முடியாது. முதலில் இது எனக்குச் சிரமமாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோது இதுதான் சரி. அவள் படத்துக்கு என்ன நடக்க வேண்டும் என்று கடைசியாக அவளைக் கேட்டது எப்போது? அவளுடைய கைப்பேசி, அவளுடைய விரல். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அந்தப் படங்கள் எதையும் இன்றுவரை நான் பார்த்ததில்லை.

தளம் முதலில் சில கேள்விகள் கேட்கிறது. படத்தில் இருப்பது நீங்களா? எடுத்தபோது 18 வயது நிறைந்திருந்ததா? படத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் அவள் வாய்விட்டுப் படித்தாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் செய்தோம். அம்மாவுக்குப் புரியாத இடத்தில் நான் தமிழில் சொன்னேன். கேள்வியில் ஓரிடத்திலும் ‘ஏன் எடுத்தாய்’, ‘ஏன் அனுப்பினாய்’ என்று இல்லை. அம்மா அதைக் கவனித்தார். “இதுல திட்டவே இல்லையேம்மா” என்றார். அந்த ஒரு வாரத்தில் மகளைத் திட்டாத முதல் ஆள் ஒரு இணையதளம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தேர்ந்தெடுத்ததும் படம் எங்கேயும் போவதில்லை, கைப்பேசிக்குள்ளேயே அதற்கு ஒரு ரேகை எடுக்கப்படுகிறது. கணினிக்காரர்கள் ஹேஷ் என்பார்கள். அந்த ரேகை மட்டும் இங்கிலாந்துக்குப் போகிறது, அங்கிருந்து இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. அவர்களுடைய தளத்தில் அதே ரேகையுள்ள படம் இருந்தாலோ, யாராவது ஏற்ற முயன்றாலோ, பொருந்துவது தெரியும். நிறுவனம் பார்த்து, தன் விதிப்படி நீக்கும் அல்லது ஏறவிடாமல் தடுக்கும்.

இது எப்படி முடியும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். படத்தொழிலில் இருப்பதால் இதை நான் கொஞ்சம் படித்தேன். சாதாரணப் படங்களுக்கு இவர்கள் பயன்படுத்துவது பிடிக்யூ என்ற முறை. ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கி 2019ல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. படத்திலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு, 64க்கு 64 புள்ளி என்ற அளவுக்குச் சுருக்கி, வெளிச்சமும் நிழலும் எங்கெங்கே எப்படி மாறுகின்றன என்று கணக்கிட்டு, 256 ‘ஆம்’, ‘இல்லை’களாக மாற்றிவிடுகிறது. கடைசியில் நிற்பது எழுத்தும் எண்ணுமாக 64 இடங்கள் கொண்ட ஒரு வரி. ஃபிலிம் காலத்தில் அப்பா ஒரு ரோலை அப்படியே ஒரு தாளில் நகல் போட்டு வைப்பார், ஒவ்வொரு படமும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தே “இது செட்டியார் வீட்டுக் கல்யாணம், இது தண்ணீர்மலைத் தைப்பூசம்” என்று சொல்லிவிடுவார். முகம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் விழுந்திருக்கும் வாகுதான் அவருக்குத் தெரியும். பிடிக்யூ செய்வதும் ஏறக்குறைய அதுதான். படத்தைச் சிறிதாக்கினாலும், தரம் குறைத்து மறுபடி சேமித்தாலும், வாகு பெரும்பாலும் மாறாது, ஆகவே கண்டுபிடித்துவிடும். அந்த 64 எழுத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் படத்தை யாரும் திரும்ப உருவாக்க முடியாது. கைரேகையை வைத்து ஆளின் முகத்தை வரைய முடியாது, அதே மாதிரி.

குறை எங்கே என்றால், படத்தை நன்றாக வெட்டிவிட்டாலோ, ஃபில்டர் போட்டு மாற்றிவிட்டாலோ ரேகை வேறாகிவிடும். காணொளிக்கு எம்டி5 என்ற இன்னொரு முறை பயன்படுகிறது, அது இன்னும் கறார். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ரேகை முற்றிலும் வேறு. தொடக்கத்தில் ஒரு நொடியை வெட்டினாலே தப்பித்துவிடும். அதனால் செய்பவர்களுக்கு என் யோசனை: உங்களிடம் உள்ள மூலப்படத்தோடு நிறுத்தாதீர்கள். வெளியே உலவும் வடிவங்கள், வெட்டியது, எழுத்துப் போட்டது, ஓரம் மாற்றியது, எது கண்ணில் பட்டாலும் அதற்கும் ரேகை எடுத்துச் சேர்த்துவிடுங்கள். இவளுக்கு நாலு படம்தான். வெட்டிய வடிவங்களோடு சேர்த்துப் பதினொன்று ஆயிற்று. எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் எடுத்தது, அதில் பாதி நேரம் அவள் அழுததில் போனது.

முடிவில் ஒரு வழக்கு எண்ணும், நாம் வைக்கும் ஒரு பின் எண்ணும் இருக்கும். இவற்றை வைத்துத்தான் பிறகு நிலையைப் பார்க்கவோ, வேண்டாம் என்று புகாரைத் திரும்பப் பெறவோ முடியும். தொலைத்துவிட்டால் மீட்டுத் தர மாட்டார்கள். கைப்பேசியில் மட்டும் குறித்து வைக்காமல் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்திருக்கும் நிறுவனங்களில் நம் ஆட்கள் அன்றாடம் பயன்படுத்துபவை பல உண்டு: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், திரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், ரெடிட். ஒன்லிஃபேன்ஸும் போர்ன்ஹப்பும்கூட இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் பிங் தேடல் 2024ல் சேர்ந்தது, கூகளும் தன் தேடலில் இந்த ரேகைகளைப் பயன்படுத்தப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் பூட்டுப் போட்ட தனிச் செய்திகளுக்குள் இது எட்டிப் பார்க்க முடியாது. திட்டத்தில் சேராத தளத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அவளுக்கு என்ன ஆனது என்றால், போலிக் கணக்கு இருந்த தளத்தில் நான்கு நாளில் எல்லாம் போயிற்று. அந்தத் தளத்திலும் நேரடியாகப் புகார் செய்திருந்தோம், எதனால் போனது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவன் அங்கே இரண்டு புதுக் கணக்குகள் திறந்தான், ஆனால் படம் ஏறவே இல்லை. இதை நான் ரேகையின் கணக்கில்தான் எழுதுவேன். செய்திச் செயலிக் குழு மட்டும் போலீசில் புகார் கொடுத்த பிறகும் பல நாள் இருந்தது.

அந்த வெளிநாட்டுத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் ஆறாத இடம் அது. தளம் இந்தத் திட்டத்தில் இல்லை. அவர்களுடைய படிவத்தை நிரப்பி, நீக்கச் சொல்லிக் கேட்டோம். ஆறு நாள் பதில் இல்லை. ஏழாவது நாள் ஒரு மின்னஞ்சல்: படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று நிரூபிக்க உங்கள் அடையாள அட்டையின் படத்தை அனுப்பவும், அட்டையைக் கையில் பிடித்தபடி முகம் தெரிய இன்னொரு படமும் அனுப்பவும். அவள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவன்கிட்ட ஐசி கேட்டாங்களாக்கா?” என்றாள்.

கேட்கவில்லை. அந்தத் தளத்தில் படம் போடுவது எப்படி என்று போய்ப் பார்த்தேன். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். ‘படத்தில் இருப்பவர்கள் 18 வயது நிரம்பியவர்கள், சம்மதம் பெற்றிருக்கிறேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், அதில் ஒரு தட்டு, அவ்வளவுதான். போட்டவனுக்கு ஒரு தட்டு. எடுக்கச் சொன்னவளுக்கு ஐசி, முகம், பத்தொன்பது நாள். கடைசியில் முகவரியையும் எண்ணையும் மறைத்து, பெயரும் படமும் மட்டும் தெரியும்படி அட்டையின் நகலை நானே தயாரித்துக் கொடுத்தேன். அதன் குறுக்கே எதற்காக அனுப்புகிறோம் என்பதையும் தேதியையும் பெரிய எழுத்தில் போட்டேன். நீங்கள் யாருக்கு ஐசி நகல் அனுப்பினாலும் இப்படிச் செய்யுங்கள்.

அதிலிருந்து இந்தச் சட்டங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகம் முழுக்க இப்போது வயதைச் சரிபார்க்கும் சட்டம் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2023 ஜனவரியில் தொடங்கியது, அப்புறம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. டெக்சஸ் மாநிலத்தின் சட்டம் செல்லும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 27 அன்று 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் பார்க்க வருபவரின் வயதை உறுதிப்படுத்த வேண்டும். மீறினால் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். எனக்கு 13 வயதில் ஒரு மகன் இருக்கிறான். இந்தச் சட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இவை எல்லாம் கேட்பது பார்க்க வருபவனின் வயதை. படத்தில் இருப்பவளிடம் யார் போய்க் கேட்டார்கள்? இங்கிலாந்தில் இருக்கும் 40 வயது ஆள் தன் வயதை ஒழுங்காக நிரூபித்துவிட்டு உள்ளே போய் இந்தப் பெண்ணின் படத்தைப் பார்க்கலாம். வயதுச் சட்டத்தின்படி அங்கே ஒரு தப்பும் நடக்கவில்லை.

படத்தில் இருப்பவரைப் பற்றிக் கேட்கும் சட்டம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1988லேயே ஒன்று போட்டார்கள், படம் தயாரிப்பவர் நடிப்பவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து வயதை உறுதி செய்து பதிவேடு வைக்க வேண்டும் என்று. அது ஸ்டூடியோவும் ஃபிலிம் ரோலும் இருந்த காலத்துச் சட்டம். இன்றைக்குத் தயாரிப்பவன் யார்? படுக்கையில் சாய்ந்துகொண்டு கைப்பேசியைத் தட்டும் பழைய காதலன்.

2020 டிசம்பரில் நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். போர்ன்ஹப்பில் சிறுவர் படங்களும் சம்மதமில்லாத படங்களும் கிடப்பதைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. விசாவும் மாஸ்டர்கார்டும் அந்தத் தளத்துக்குப் பணம் போகும் வழியை அடைத்தன. உடனே, சரிபார்க்கப்படாத கணக்குகள் ஏற்றிய பல மில்லியன் காணொளிகளைத் தளமே எடுத்துவிட்டது. அதுவரை எத்தனை பெண்கள் கெஞ்சியிருப்பார்கள். முடியாத காரியம் என்று சொல்லப்பட்டது, காசு நின்றதும் சில நாளில் முடிந்தது. மாஸ்டர்கார்டு 2021 அக்டோபர் 15 முதல் ஒரு விதியே போட்டது: தன் அட்டையில் காசு வாங்கும் ஆபாசத் தளங்கள், படம் ஏற்றுபவர், படத்தில் இருப்பவர், இரு தரப்பின் வயதையும் அடையாளத்தையும் ஆவணத்தோடு சரிபார்க்க வேண்டும், சம்மதத்துக்குப் பதிவு இருக்க வேண்டும், வெளியிடும் முன் பார்க்க வேண்டும், புகார் வந்தால் ஏழு வேலை நாளில் தீர்க்க வேண்டும். சரியான விதி. ஆனால் அட்டையில் காசு வாங்காமல் விளம்பரத்தில் ஓடும் தளத்தை அது எட்டாது.

கனடாவில் தனியுரிமை ஆணையர் போர்ன்ஹப்பை நடத்தும் நிறுவனத்தை விசாரித்து 2024 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டார். ஏற்றுபவர் ‘சம்மதம் இருக்கிறது’ என்று சொல்வதை மட்டும் நம்பியது போதாது, படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் நேராகச் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். அதே நாட்டில் 2022ல் சி-270 என்ற மசோதாவும் வந்தது. படத்தில் உள்ள ஒவ்வொருவரும் 18 நிறைந்தவர், எழுத்தில் சம்மதம் தந்தவர் என்று உறுதி செய்யாமல் வணிகத்துக்காக ஆபாசப் படம் தயாரிப்பதும் பரப்புவதும் குற்றம் என்றது. அந்த நாடாளுமன்றம் 2025ல் கலைந்தபோது அது நிறைவேறாமலே போய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம். நான் கேட்பது அந்த மசோதா கேட்டதைத்தான்.

இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. எனக்குப் பதினான்கு வயதிருக்கும். என்னோடு படித்த பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு அப்பா படம் எடுத்தார். நன்றாக வந்திருந்தது. பெரிதாகப் போட்டு, சட்டமிட்டு, கடை முகப்புக் கண்ணாடிக்குள் வைத்தார். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் வழக்கம் அது, யாரையும் கேட்க வேண்டும் என்றே தோன்றாது. அவள் தெருவில் வரும்போதெல்லாம் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போவாள். பையன்கள் கண்ணாடி முன்னால் நின்று ஏதோ சொல்வார்கள். பல மாதம் கழித்து ஒருநாள் உள்ளே வந்து, “அங்கிள், அதை எடுத்துடுங்க” என்றாள். அப்பா பதறிப்போய் உடனே எடுத்தார். வெயிலில் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. அப்பா கெட்டவர் இல்லை, பெருமையாக நினைத்துத்தான் வைத்தார். ஆனால் அவளைக் கேட்கவில்லை.

கடை என் கைக்கு வந்ததும் முதலில் அடித்த தாள் ஒரு சம்மதப் படிவம். ஒரே பக்கம், தமிழிலும் மலாயிலும். கடைக் கண்ணாடியில் வைக்கலாமா, இன்ஸ்டாகிராமில் போடலாமா, போட்டிக்கு அனுப்பலாமா என்று தனித்தனியாகக் கேட்கும். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டால் போதாது, பெண்ணும் போட வேண்டும். அவள் அப்பா அவளுக்காகப் போட முடியாது. மனம் மாறினால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும், அன்றைக்கே எடுத்துவிடுவேன். இதனால் சில நல்ல படங்கள் என் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன, கிடக்கட்டும். ஒரு மூலையில் இருக்கும் என் கடை செய்யக் கூடியதை, உலகம் முழுக்க ஆள் வைத்திருக்கும் தளங்கள் செய்ய முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

இனி நம் நாட்டு நிலைமை. இங்கே ஆபாசத் தளங்களே தடை, ஆகவே வயது சரிபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சிலர் சொல்வார்கள். தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின்படி ஆபாசமானதைப் பரப்பினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம், 2025ல்தான் 50,000த்திலிருந்து உயர்த்தினார்கள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது ஆபாசம், அநாகரிகம் என்ற மொழியில். படமே குற்றம் என்று பார்க்கும் இடத்தில், படத்தில் இருப்பவளும் ஏதோ குற்றம் செய்தவள் போல நிற்கிறாள். ஒரு காவல் நிலைய முகப்பில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி ‘ஏன் இப்படிப் படம் எடுத்தீங்க?’ என்பது. பிறகு உள்ளே ஒரு பெண் அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், அவருக்கு நன்றி. ஆனால் அந்த முதல் கேள்விக்குப் பயந்தே எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

அவள் அம்மா அவளைத் தனியே விடாமல் கூடவே வந்ததற்கு ஒரு காரணம் சொன்னார். 2024 ஜூலையில் டிக்டாக்கில் வந்த வசவுகளுக்குப் பிறகு நம் பெண் ஒருத்தி உயிரை விட்டதும், வசை பாடிய ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் போட்டதும் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. “நூறு வெள்ளிம்மா” என்று இரண்டு முறை சொன்னார். அதன் பிறகு தண்டனைச் சட்டத்தையே திருத்தினார்கள். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, தீங்கான உள்ளடக்கத்துக்குப் பெரிய தளங்களையே பொறுப்பாக்குகிறது. அதே ஜனவரியில், பெண்களின் சாதாரணப் படங்களைக்கூட ஆடையின்றி மாற்றித் தந்த குரோக் செயலியை நம் அரசாங்கம் கொஞ்ச நாள் முடக்கி வைத்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகத்தில் கணக்குத் திறக்காமல் இருக்க மைகாட் என்ற நம் அடையாள அட்டை, பாஸ்போர்ட், மைடிஜிட்டல் ஐடி மூலம் சரிபார்க்கும் திட்டத்தையும் 2025ல் அறிவித்தார்கள். அட்டையைக் காட்டச் சொல்லத்தான் போகிறார்கள் என்றால், படத்தைப் போடும் விரலிடமும் காட்டச் சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை. பார்த்து முடித்ததும் அந்த அட்டை விவரத்தை வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட வேண்டும் என்பதையும் சட்டமே சொல்லட்டும்.

பதினெட்டுக்குக் கீழே இருக்கும்போது எடுத்த படம் என்றால் ஸ்டாப்-என்சிஐஐ பொருந்தாது. அதற்கு டேக் இட் டவுன் என்று தனிச் சேவை உண்டு. காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் நடத்துவது, பெயர் கொடுக்க வேண்டாம், அதுவும் ரேகை முறைதான். இதே பெயரில் அமெரிக்காவில் 2025 மே 19 அன்று ஒரு சட்டமும் கையெழுத்தானது. புகார் வந்து 48 மணி நேரத்தில் தளங்கள் நீக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம், குழப்பிக்கொள்ள வேண்டாம். பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன், கோபத்தில் செய்துவிடாதீர்கள்: பிள்ளையின் படத்தை ‘பாருங்க என்ன நடந்திருக்குன்னு’ என்று மாமாவுக்கும் அத்தைக்கும் அனுப்பாதீர்கள். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி அந்தப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். நேராகப் போலீசுக்குப் போங்கள்.

ஸ்டாப்-என்சிஐஐக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று காணொளி ரேகைக்கும் சேராத தளங்களுக்கும். பின்னது இவர்கள் தப்பில்லை, ஆனால் பயன்படுத்துபவருக்கு அந்த ஓட்டை ஓட்டைதான்.

செய்ய வேண்டியவர்களுக்கு: எதையும் மூடுவதற்கு முன்னால் போலிக் கணக்கின் பெயர், இணைப்பு, தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், போலீசில் புகார் கொடுக்கும்போது அதைக் கேட்பார்கள். தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் புகார் பதியுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 15999. பினாங்கில் டபிள்யூசிசி மகளிர் மையம் இருக்கிறது, 1985லிருந்து இதே வேலையாக இருப்பவர்கள், திட்ட மாட்டார்கள்.

கூட உட்கார யாரும் இல்லையென்றால் எங்கள் கடைக்கு வரலாம், காசு எதுவும் இல்லை. செவ்வாய், புதன் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது. பின்திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், தம்பியை வெளியே அனுப்பிவிடுவேன். கைப்பேசியில் சார்ஜ் முழுதாக இருக்கட்டும். பயத்தில் படங்களை அழித்துவிட்டு வராதீர்கள், ரேகை எடுக்க அவை வேண்டும்.